சிப்பாய்க் கிணற்றின் கடைசி வரி

12-5-2019, ஞாயிறு

காலையில் தணிகாசலம் வீட்டுக்குப் போய் வந்தேன். எல்லப்பன் சமாதிக்குப் புதுக் கருங்கல் வைக்கப் போகிறானாம். ஆடி மூன்றாம் ஞாயிறு படையலன்று திறப்பு. எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, "உன் யோசனை இன்னாடா ஏகாம்பரம்?" என்கிறான்.

நேரில் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். பங்காளி, நாலு வயது மூத்தவன். டைரியிலும் அப்படி எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை.

கல்லில் வெட்டவேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். ரிட்டயரான தலைமையாசிரியர் அல்லவா, எழுத்து முத்துமுத்தாகத்தான் இருக்கும். நான் எட்டாவதோடு நின்று மோட்டாருக்குக் காயில் கட்டப் போனவன். மேலே 'பர்மா சண்டையில் வீர மரணம் அடைந்த சுபேதார் எல்லப்பன்'. கீழே இடப்பக்கம் 'மூத்த தாரத்து வழி' என்று அவனுடைய ஆட்கள். வலப்பக்கம் 'இளைய தாரத்து வழி' என்று நாங்கள்.

"இளைய தாரம்னு கல்லுல வேற வெட்டணுமா?" என்றேன்.

"காலங்காலமா சொல்றதுதானேடா."

"செத்த வருஷத்தக் காணோம்?"

"சாமிக்கு எதுக்குடா வருஷம்?"

இவனுக்குத் தெரியாது, அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டான். பார்த்திப வருஷம் பர்மாவுக்குப் போனார் என்று இரண்டு வீட்டிலும் சொல்வார்கள். பார்த்திப வருஷம் என்றால் 1885. பர்மாவின் கடைசி ராஜாவைப் பிடித்த சண்டை. நூலகத்தில் உட்கார்ந்து நானே தேடிப் படித்தது. தணிகாசலத்திடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் "இருக்கலாம்" என்பான்.

தாளில் தலைமுறையும் தப்பு. எல்லப்பனுக்கும் அவனுக்கும் நடுவில் நாலு பேரை எழுதியிருக்கிறான். எங்கள் பக்கம் இரண்டே பேர்: என் தாத்தா பொன்னுசாமி, என் அப்பா. எல்லப்பனுக்கு நான்தான் கிட்டத்தில் இருக்கிறேன். கௌரவத்துக்காக இரண்டு பேரை எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறான்.

வரும்போது பட்டம்மா அண்ணி மோர் கொடுத்தார்கள். குடித்தேன். மோர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

19-5-2019, ஞாயிறு

லாரித் தண்ணீர் இன்றும் வரவில்லை. தெருவில் எல்லா வீட்டு போர்வெல்லும் வற்றிவிட்டது. தணிகாசலம் வீட்டு போரில் மட்டும் தண்ணீர் வருகிறது. தமயந்தி ஸ்கூட்டரில் இரண்டு குடம் வைத்து அங்கிருந்து கொண்டுவருகிறாள்.

என் மகள் அவனைப் பார்த்துத்தான் டீச்சர் ஆனாள். அவனுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் இவள்தான். என் மாத்திரை தீர்ந்து மூன்று நாள் ஆகிறது. நானாகச் சொல்ல மாட்டேன்.

2-6-2019, ஞாயிறு

தமயந்தி கேட்டாள்: "இந்த வருஷமாவது படையல்ல நீ உக்காந்து சாப்பிடு நைனா. எத்தினி வருஷம் நானே சாப்பிடறது?"

மாட்டேன் என்றேன். அந்த முறையே எங்களை மட்டம் தட்ட ஏற்படுத்தியது. விபூதியும் பரிவட்டமும் தணிகாசலத்துக்கு. அது முடிந்ததும் முதல் இலை எங்கள் வீட்டு ஆளுக்கு. நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவனுக்கும் மற்றவர்களுக்கும் பந்தி. கௌரவம் அவனுக்கு, கவளம் எனக்கு. அந்தச் சோற்றிலும் உப்பு கிடையாது. சோறு, குழம்பு, கறி, எதிலும் அன்றைக்கு ஒரு கல் உப்பு போடக் கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எல்லப்பன் விரதக்காரர் என்று தணிகாசலம் ஏதோ சொல்வான்.

ஒரு படையலில் நான் இலையில் உட்கார்ந்தபோது, தணிகாசலம் பக்கத்துச் சொந்தக்காரன் வேலூர் மாணிக்கம், "சோறுன்னதும் இளைய தாரம் முன்னாடி வந்துடுச்சு பாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவனையும் சேர்த்துத் திட்டியிருக்கலாம். அன்றோடு உட்காருவதை விட்டேன்.

14-6-2019, வெள்ளி

பெரிய நாள்.

மாட்டுச் சந்தைக்குப் பின்னால் உள்ள சிப்பாய்க் கிணற்றில் ஊர் மோட்டார் எரிந்துவிட்டது. கடையை மூடி எட்டு வருஷம் ஆகியும் அந்த மோட்டார் என் கைக்குத்தான் பழக்கம் என்று கூப்பிட்டார்கள். போனேன். தண்ணீர் அடியில் ஒரு சேறாகக் கிடந்தது. படியில் இறங்கினேன். வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்குக் கீழே, சுவரில் ஒரு கல் பதித்திருந்தது. பாசி காய்ந்து உரிந்து கிடந்தது. உள்ளே எழுத்து.

துணியால் தேய்த்துப் படித்தேன். அப்படியே எழுதுகிறேன்:

'பார்த்திப வருஷம் கார்த்திகை மாதம் பர்மா சண்டைக்குக் கப்பலேறிப் போகையில் தேகவியோகமாகி சமுத்திரத்தில் அடக்கமான ஜமேதார் எல்லப்பன் ஞாபகமாக அவர் கம்பெனி சிப்பாய்கள் வெட்டின கிணறு.'

சுவரைப் பிடித்துக்கொண்டேன். படி வழுக்கியதால்தான்.

சமுத்திரத்தில் அடக்கம்! சண்டையில் சாகவே இல்லை. போகும் வழியிலேயே முடிந்துவிட்டார், கடலில் இறக்கிவிட்டார்கள். உப்பில்லாத சோறு ஏன் என்று அங்கேயே புரிந்தது. உப்புத் தண்ணீரில் போன ஆளுக்கு வீட்டிலும் உப்புப் போட அந்தக் காலத்துப் பெண்களுக்கு மனசு வரவில்லை.

அப்படியானால் தணிகாசலத்தின் நிலத்தில் இருக்கும் சமாதி காலி. காலிச் சமாதிக்குத்தான் இவ்வளவு காலம் பரிவட்டம் கட்டிக்கொண்டான். அதோடு சுபேதார் இல்லை, ஜமேதார். ஒரு படி கீழே. என் முன்னோர்தான், இருந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை.

கல்லின் அடியில் கொஞ்சம் இடத்தை சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். மோட்டார் பொருத்த வந்தவர்களின் வேலையாக இருக்கும்.

மோட்டாரைச் சரி செய்யவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

16-6-2019, ஞாயிறு

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். அவன் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, எல்லப்பன் எங்க அடக்கமானாருன்னு ஒரு கல்லு கண்டுபிடிச்சிட்டேன்."

பேப்பரை மடித்தான். "கிணத்துல எறங்கினியா? உன் வயசுக்கு அந்தப் படியில எறங்கலாமாடா? விழுந்திருந்தா?"

நான் எழுதிக்கொண்டு போனதைச் சத்தமாகப் படித்தேன். அண்ணி அடுக்களையிலிருந்து வந்து நின்றார்கள். முடித்துவிட்டு, "சமாதியில ஒண்ணும் இல்ல அண்ணா. காலி" என்றேன்.

"காலி இல்லடா. அவரு கோட்டு இருக்குது. கூடப் போனவங்க திருப்பிக் கொண்டாந்து குடுத்தாங்களாம். அதைத்தான் பொதைச்சாங்க."

"தெரிஞ்சா எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சாமிகிட்ட போயி கோட்டுக்குள்ள ஆள் இருக்குதான்னா கேக்கறது?"

நான் விடவில்லை. ஜமேதார் என்று மாற்ற வேண்டும், 1885 என்று வெட்ட வேண்டும், இளைய தாரம் என்பதை எடுக்க வேண்டும், பரிவட்டம் ஒரு வருஷம் அவனுக்கு, ஒரு வருஷம் எனக்கு. எல்லாவற்றுக்கும் சரி என்றான்! வருஷத்துக்கு மட்டும் தலையாட்டவில்லை.

"வருஷம் வேணாம்டா. நான் கெஞ்சிக் கேக்கறேன்."

தணிகாசலம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கேட்க நன்றாக இருந்தது.

பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. கல் என்றுதான் சொன்னேன். கிணறு என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே கிணற்றில் இறங்கினாயா என்று கேட்டான்.

17-6-2019, திங்கள்

எனக்கு முன்னால் பார்த்திருக்கிறான்.

23-6-2019, ஞாயிறு

மோட்டார் வேலையை முடிக்கப் போனேன். உளியும் சுத்தியும் எடுத்துப் போனேன். சிமென்டைப் பெயர்த்தேன். பூசியவனுக்குப் பூச்சு வேலை தெரியாது. கரணையைப் பிடித்தறியாதவன் கை.

அடியில் ஒரு வரி இருந்தது. தமிழ் எண்ணில். தேய்ந்துவிட்டது. சரியாகத் தெரியவில்லை.

மோட்டார் ஓடுகிறது.

24-6-2019, திங்கள்

கூடத்தில் பொன்னுசாமித் தாத்தா படத்தை இறக்கித் துடைத்தேன். தாத்தா நாற்பத்தாறில் இறந்தார். எழுபத்தைந்து வயது என்று அப்பா சொல்வார். முடி நரைத்திருக்கிறது, ஆனால் தலை நிறைய இருக்கிறது. எழுபத்தைந்துதான் இருக்கும். நூற்று இருபது வயதுக்காரர் இப்படி இருக்க மாட்டார்.

திரும்ப மாட்டினேன்.

27-6-2019, வியாழன்

"ஏன் நைனா நாலு நாளா பேசவே மாட்டேங்கறே?" என்று தமயந்தி கேட்டாள். வெயில் என்றேன்.

பார்த்திபன் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும். பஞ்சாங்கம் பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1885க்கு முன்னால் வந்தது 1825. அப்போதும் பர்மாவில் சண்டை நடந்திருக்கிறது. நூலகத்துப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் படித்துத்தான் இருக்கிறேன். நமக்கு வேண்டாத சண்டை என்று புரட்டிவிட்டேன்.

வரி தேயவில்லை. 1825 என்றுதான் வெட்டியிருக்கிறது. இரண்டுக்கான ௨ நன்றாகத் தெரிகிறது.

7-7-2019, ஞாயிறு

போனேன். உட்காரவில்லை.

"சிமென்ட் பூசினது நீதானே?"

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றினான். "மோட்டார் ரிப்பேர் பண்றவன் எதுக்குடா உளி எடுத்துகினு போனே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எம்பத்திமூணுல கெணறு வத்திச்சே, அப்போ பாத்தேன். தமிழ் வாத்தியாரு, கல்லுல எழுத்து இருந்தா விடுவனா? உன்ன மாதிரியே குதிச்சுகினு வந்தேன். எங்கப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவரு கதவ சாத்திட்டு வந்து சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

"உக்காரு."

"நின்னுகினே கேக்கறேன்."

"எல்லப்பன் செத்தது ஆயிரத்து எண்ணூத்து இருபத்தஞ்சு. உங்க தாத்தா பொறந்தது எழுபது வாக்குல. நடுவுல நாப்பத்தஞ்சு வருஷம். இன்னும் நான் சொல்லணுமாடா?"

சொல்லு என்றேன். சொன்னான்.

1876, தாது வருஷப் பஞ்சத்தில் ஊருக்கு வெளியே கஞ்சித்தொட்டி வைத்திருந்தார்கள். எல்லப்பனின் பேரன் வையாபுரி அங்கே கஞ்சி ஊற்றும் வேலைக்குப் போவார். அவர் தணிகாசலத்துக்குக் கொள்ளுத்தாத்தா. ஒரு நாள் தொட்டி ஓரத்தில் ஆறு வயதில் ஒரு பிள்ளை. கூட வந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பொன்னுசாமி என்று பெயர் வைத்தார்.

"வளத்தது சரி, நெலத்துல பங்கும் குடுக்கணும்னாரு. ஊரு சும்மா இருக்குமா? யாரு இவன்னு கேட்டாங்க. எல்லப்பனோட இளைய தாரத்துப் பேரன்னு சொல்லிட்டாரு. செத்து அம்பது வருஷம் ஆனவருக்கு ரெண்டாவது கல்யாணம் பண்ணி வச்சாரு எங்க கொள்ளுத்தாத்தா. நடுவுல ஒரு அப்பன வைக்க மறந்துட்டாரு. ஊரும் பேரன்னு சொன்னத புள்ளைன்னு ஆக்கிடுச்சு. அதான் உன் கணக்குல ஆளு கொறையுது. நான் யாரையும் கூட்டிச் சேக்கலடா."

அண்ணி மெதுவாகச் சொன்னார்கள்: "தூக்கியாந்த அன்னிக்குப் படையலாம் ஏகாம்பரம். எலை போட்டு எல்லாரும் உக்காரப் போற நேரமாம். பெரியவரு எல்லாரையும் எழுந்திருக்கச் சொல்லிட்டாராம். மொதல்ல இந்தப் புள்ள சாப்பிடட்டும், அப்புறம் நாம உக்காரலாம்னு. எங்க மாமியார் என்கிட்ட சொன்னது இதான்: காரணத்த யாருக்கும் சொல்லாதே, சோத்த மட்டும் நிறுத்தாதே."

உட்கார்ந்துவிட்டேன்.

"முப்பத்தாறு வருஷமா என்ன ஏமாளி ஆக்கிட்டே" என்றேன்.

"நீ என்னோட சண்டை போட்டுகினே இருந்தே. பங்காளின்னா போடணும், அது உன் உரிமை. வேத்தாளுன்னு தெரிஞ்சிருந்தா சண்டை போட்டிருப்பியா? வாசப்படி ஏறியிருக்க மாட்டே. எனக்கு வேற யாருடா இருக்காங்க, சண்டை போட?"

எழுந்து வந்துவிட்டேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. தமயந்தி போய் எடுத்து வந்தாள்.

8-7-2019, திங்கள்

பள்ளிக்கூடத்தில் அவன் முதல். ஊரில் முதல் நாற்காலி அவனுக்கு. என் மகள் ஓடுவதும் அவனிடம்தான். போகட்டும் என்று இருந்தேன். இப்போது இதுவும். நான் வருஷா வருஷம் அவன் வாசலில் நின்று கத்தியிருக்கிறேன். கல்யாண வீட்டில் நாலு பேருக்கு நடுவில் பட்டாளத்தான் சொத்தைத் தின்றவன் என்று சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் ஒரே ஒரு வார்த்தையில் என்னை உட்கார வைத்திருக்கலாம். சொல்லவில்லை. நான் திட்டத் திட்ட உள்ளுக்குள்ளே எவ்வளவு பெரிய மனுஷனாக வளர்ந்திருப்பான்! அவனிடம் அப்படி ஒரு நாற்காலி இருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது.

அவன் பரிவட்டத்தைப் பார்த்து இவ்வளவு காலம் எரிந்தேனே, அது வெறும் துணி. எரிய வேண்டியது இதைப் பார்த்து.

சிமென்ட் வைத்து மறுபடி பூசிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று இன்று போனில் சொல்கிறான். முடியாது என்றேன். இந்தப் புண்ணியத்தை அவன் மட்டும் ரகசியமாக வைத்துக்கொண்டு சாகட்டும் என்று விட்டுவிட நான் இளிச்சவாயன் இல்லை.

"தமயந்தி மனசு கஷ்டப்படும்டா."

"அவ என் மக. நான் சொல்லிக்கறேன்."

9-7-2019, செவ்வாய்

சொன்னேன். தமயந்தி முதலில் கேட்டது: "அப்போ பெரியப்பா நமக்குச் சொந்தம் இல்லயா நைனா?"

என் தாத்தா கஞ்சித்தொட்டி ஓரத்தில் கிடந்தார் என்கிறேன், இவளுக்கு அவளுடைய பெரியப்பாதான் கவலை.

"சொந்தம்தான். கல்லுலயே வெட்டப் போறோம்" என்றேன்.

அப்புறம் அவள் பொன்னுசாமித் தாத்தா படத்துக்கு முன்னால் போய் ரொம்ப நேரம் நின்றாள். என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "காலியா இருக்குதே, ஏன் சொல்லல?" என்று சத்தம் போட்டாள்.

14-7-2019, ஞாயிறு

தணிகாசலமும் நானும் கல் வெட்டுகிறவரிடம் போனோம். புதுத் தாளை நான்தான் எழுதினேன். என் கையெழுத்து கோணல்தான், ஆனால் படிக்க முடியும்.

ஜமேதார் எல்லப்பன். பர்மா சண்டைக்குப் போகும் வழியில் கடலில் அடக்கம். 1825. கீழே இடம் வலம் கிடையாது, ஒரே வரிசை. வையாபுரியின் பிள்ளைகள் என்ற இடத்தில் தணிகாசலத்தின் தாத்தா பெயர், பக்கத்தில் 'பொன்னுசாமி, தாது வருஷம் வந்தவர்'.

கல் வெட்டுகிறவர் பழைய தாளையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார். "போன தடவ ரெண்டு சம்சாரம் இருந்தாங்களே சார்?"

"ஒண்ணு நாங்களே கட்டி வச்சது, நாங்களே பிரிச்சிட்டோம்" என்றான் தணிகாசலம்.

'வந்தவர்' என்பதை எடுத்துவிடலாம், 'பொன்னுசாமி' போதும் என்று கடைசி வரை வாதாடினான். வெட்டத்தான் வேண்டும் என்று நின்றேன். அவன் கொள்ளுத்தாத்தா செய்தது கல்லில் இருக்கட்டும். நாங்கள் அதை வாங்கிக்கொண்டதும் இருக்கட்டும்.

ஆட்டோவில் திரும்பும்போது பரிவட்டம் இந்த வருஷம் உனக்கு என்றான். வேண்டாம் என்றேன். எனக்கு வேறு ஒன்று வர வேண்டியிருக்கிறது.

4-8-2019, ஞாயிறு

படையல். கல் நன்றாக வந்திருக்கிறது. 1825இல் 2 கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. இருக்கட்டும்.

எல்லாரும் கல்லைப் படித்தார்கள். முணுமுணுப்பு எழுந்தது. வேலூர் மாணிக்கம் இரண்டு முறை படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். விஷயத்தை நானே நாலு வாக்கியத்தில் சத்தமாகச் சொல்லி முடித்தேன். வேறு யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம்.

விபூதி, பரிவட்டம் முடிந்தது. முதல் இலையைப் போட்டார்கள். தமயந்தி வழக்கம்போல உட்காரப் போனாள். அவள் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு நான் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கச் சற்று நேரம் ஆனது.

"அட, ஏகாம்பரம் அண்ணனே உக்காந்துட்டாரு!" என்றான் மாணிக்கம்.

"பசிக்குதுடா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி சோறு போட்டார்கள். குழம்பு ஊற்றினார்கள். பிசைந்து வாயில் வைத்தேன். உப்பில்லை. வெறும் சோற்றுக்கு ஒரு ருசி இருக்கிறது, இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று.

பின்னால் அத்தனை பேரும் நின்றார்கள். நான் கை கழுவும் வரை ஒருவரும் உட்காரக் கூடாது, அதுதான் முறை. தலைமையாசிரியரும் உட்காரக் கூடாது. அவசரப்படவில்லை. இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பிறகு மறுசோறு கேட்டேன்.

பரிவட்டத்தோடு அண்ணன் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.